பதினேழாம் செடியின் பேரப்பிள்ளைகள்

ஜனவரி 19, திங்கள்

விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. போன வருஷத்து டைரியில் ரவிக்கை அளவும் கோலமும்தான் இருக்கின்றன. இதையும் அதற்கே வைத்திருந்தேன். ஆனால் இன்றைக்கு நடந்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை கேட்டிருக்கிறது. பெயர் தவசுக்கனி. தொழில், கரிசல்குளம் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலி. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல எனக்கே சிரிப்பு வரும். சுரைக்காய் கடித்துத் துப்புகிற வேலை. ஒவ்வொரு கொடியிலும் முதல் பிஞ்சை நறுக்கி, நுனியில் ஒரு துண்டு வாயில் போட்டு, கசக்கிறதா இல்லையா என்று நோட்டில் எழுத வேண்டும். கசந்தால் கொடியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக இந்த நிலையத்தில் எந்தக் கொடி இருக்கலாம், எந்தக் கொடி போகலாம் என்பதை என் நாக்குதான் சொல்லிவருகிறது. கலெக்டருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது.

ரத்த வகை தெரியாது. இன்றைக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

எங்கள் நெல்லையப்பன் ஐயா பத்து வருஷம் பாடுபட்டு உருவாக்கிய நீளச் சுரைக்கும், மேட்டுப்பாறை நிலையத்து மெஹருன்னிசா மேடத்தின் குண்டுச் சுரைக்கும் போன வருஷம் கலப்புச் செய்தோம். இரண்டும் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறந்த பிள்ளைகளை நாற்பது குழியில் நட்டிருந்தோம். காய் ஒவ்வொன்றும் கண்ணுக்கு லட்சணம். நீளமும் உண்டு, சதையும் உண்டு. இன்று காலை முதல் பிஞ்சைக் கடித்தேன்.

பேய்ச்சுரை! நாக்கு வேரோடு சுருண்டது. அடுத்த கொடி, அதுவும். அடுத்தது, அதுவும். பத்தாவது கொடியில் நான் அழுதேவிட்டேன், கசப்பிலா துக்கத்திலா என்று தெரியவில்லை.

நாற்பதும் கசப்பு. ஒன்று தப்பவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ஐயா நம்பவில்லை. அவரே ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு அரைமணி நேரம் குழாயடியில் நின்றார்.

கண்காணிப்பாளர் பொன்ராசும் வந்தார். ஆபீசில் விதிமுறைப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கக்கூடியவர். ஒரு காயை முகர்ந்துபார்த்து, "கசக்கிற மாதிரி வாசன இல்லையே" என்றார். "சார், சும்மா ஒரு கடி கடிங்க" என்று நீட்டினேன். "அது என் பணி வரம்புக்குள்ள வராது" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் வாயில் கசப்பு. ரசம் வைத்தேன். என் வீட்டுக்காரர் செல்லையா குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் குடித்துப் பார்த்தேன், உப்பே போடவில்லை.

ஜனவரி 22, வியாழன்

மெஹருன்னிசா மேடம் மேட்டுப்பாறையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். ஐந்தடிகூட இல்லாத அம்மா. ஆனால் பேச்சு ஏழடி.

"நெல்லையப்பன் சார், என் குண்டுச் சுரையில கசப்புங்கிற பேச்சே கிடையாது. பன்னெண்டு தலைமுறை பாத்தாச்சு. உங்க தாய்ச்செடியிலதான் கோளாறு."

"மேடம், என் சுரையப் பச்சப்புள்ளைக்கு ஊட்டலாம். உங்க பக்கத்து மகரந்தத்தப் பாருங்க மொதல்ல."

சம்பந்தி சண்டை தோற்றது. பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிட்டது, யார் வீட்டு நிறம் என்று இரண்டு வீடும் அடித்துக்கொள்கிற மாதிரி. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பார்கள். இங்கே சுரையே போட்டுப் பேய்ச்சுரை முளைத்திருக்கிறது.

பொன்ராசு சார்தான் நடுவில் புகுந்தார். போன வருஷத்துச் சுவைப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். இந்த நாற்பதுக்கும் தாய்ச்செடி எண் பதினேழு. சுவை பார்த்த தேதி ஏப்ரல் 16. முடிவு, 'கசப்பு இல்லை'. பார்த்தவர் கையெழுத்து, த. தவசுக்கனி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் செடியைத் திரும்பக் கடித்துப் பார்க்கலாம் என்றால் அது எங்கே இருக்கிறது? விதை எடுத்ததும் பிடுங்கி உரக்குழியில் போட்டாயிற்று. மட்கி மண்ணாகி அந்த மண்ணில் இப்போது வெண்டை நிற்கிறது.

"நல்லா நெனவிருக்கா கனி? பதினேழு இனிச்சுதா?" என்று ஐயா கேட்டார்.

"என் கையெழுத்து போட்டிருக்கேன்ல ஐயா" என்றேன்.

போன ஏப்ரலில் அந்தப் பத்து நாளைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை.

ஜனவரி 23, வெள்ளி

வீட்டுக்காரரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியும் தெரியவில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பொன்ராசு சார் மிட்டாயைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

"தவசுக்கனி, உங்க பணி நிரந்தர ஃபைல் மேலிடத்துக்குப் போக ரெடியாத்தான் இருந்துச்சு. இப்ப இந்த நாக்குப் பிரச்சின தீர்ற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கேன்."

"சார், பதினோரு வருசம்!"

"இல்லைன்னு சொல்லலியே. ஆனா சுவை பாக்கத் தெரியாதவங்களச் சுவை பாக்கிற வேலைக்கு நிரந்தரமாக்க விதியில இடமில்ல பாருங்க."

அந்த மிட்டாயை வீட்டுக்குக் கொண்டுவந்து எறும்புக்குப் போட்டேன்.

ஜனவரி 28, புதன்

இன்று ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். இந்தக் கலப்பு அவருடைய கடைசிப் பிள்ளை. அவருக்கும் வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

"கனி, வீட்ல தீப்பெட்டி இருக்கு, உள்ள குச்சி இல்ல. தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அடுத்த வீட்ல குச்சி இருக்கு, பெட்டி இல்ல."

"அங்கயும் பிடிக்காது."

"ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஆச்சுன்னா?"

எனக்குப் பொறி தட்டியது. காட்டுச் சுரைக்குக் கசப்புதான் காவலாம், ஆடு மாடு தின்னாமல் இருக்க. கசப்பு உண்டாக அதற்குள் இரண்டு சங்கதி வேண்டும். மனுஷன் ஊருக்கு ஊர் கடித்துத் துப்பி, கசக்காததை மட்டும் விதைக்கு விட்டிருக்கிறான். எங்கள் பக்கத்துச் சுரையில் குச்சி தொலைந்திருக்கலாம், அவர்கள் பக்கத்துச் சுரையில் பெட்டி தொலைந்திருக்கலாம். தனித்தனியே இரண்டும் சாது. சேர்த்துவைத்தால் பற்றிக்கொள்ளும். ஒரு குணத்துக்கு ஒரே ஒரு காரணம் என்று தேடினால் கிடைக்காது, ஒன்று இன்னொன்றோடு சேரும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும் என்றார் ஐயா.

"அப்ப யார் மேலயும் தப்பில்லியே ஐயா!"

"இருக்கலாம்னுதான் சொல்லுதேன். இல்ல, மேடம் சொல்ற மாதிரி பதினேழாம் செடியே பேய்ச்சுரையா இருந்து, நீ தவற விட்டிருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும். பிள்ளையப் பாத்தா தெரியாது. பேரப்பிள்ளைகளப் பாத்தாதான் தெரியும்."

கணக்கையும் சொன்னார். இந்தக் கசப்புக் கொடிகளை அதனதன் பூவாலேயே சினைப்படுத்தி, அந்த விதையை நட வேண்டும். நூற்றறுபது கொடி நட்டால், தீப்பெட்டிச் சங்கதி உண்மையானால் தொண்ணூறு கசக்கும், எழுபது கசக்காது. பதினேழாம் செடியே பேய் என்றால் நூற்றிருபது கசக்கும், நாற்பதுதான் தப்பும்.

தொண்ணூறா, நூற்றிருபதா. என் வேலை அதில்தான் இருக்கிறது. செத்துப்போன செடிக்கு அதன் பேரப்பிள்ளைகள் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

மேடம் சும்மா விடவில்லை. "முதல்ல இவங்க நாக்கைச் சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார். கசப்பும் நல்லதும் கலந்து இருபது கிண்ணத்தில் இருபது துண்டு. எது எந்தக் கொடி என்று கடிக்கிறவர்களுக்குத் தெரியாது. நானும் ஐயாவும் மேடமும் கடித்துத் துப்பினோம்.

எனக்கு இருபதும் சரி. மேடத்துக்குப் பதினெட்டு. ஐயாவுக்குப் பதினொன்று. பாவம், அவர் மூன்றாவது துண்டிலேயே கசப்பு ஏறி, பிறகு எதைப் போட்டாலும் கசக்கிறது என்றே எழுதியிருக்கிறார். இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு பிடி பொரியை மென்று துப்பி, வாய் கொப்பளித்து, நூறு எண்ண வேண்டும். பத்து வருஷமாகச் சொல்கிறேன், ஐயா பொரியைத் துப்பாமல் தின்றுவிடுவார்.

மேடம் கிண்ணங்களை அடுக்கினார். "நாக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

போன ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது பத்து நாளுக்கு ருசியையும் கொண்டுபோய்விட்டது. புளியும் சர்க்கரையும் ஒன்றாக இருந்தன. பச்சை மிளகாயைக் கடித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, ருசி வரவில்லை. சரியாக அந்தப் பத்து நாளில்தான் தாய்ச்செடிகளுக்குச் சுவை பார்க்க வேண்டியிருந்தது. லீவு போடலாமே என்றால், தினக்கூலிக்காரி சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வராவிட்டால் பழைய வருஷங்கள் எல்லாம் போச்சு, முதலிலிருந்து எண்ணுவார்கள். பத்து வருஷத்தை ஒரு காய்ச்சலுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அதனால் துண்டுகளை நம்பர் போட்ட காகிதத்தில் மடித்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செல்லையாவைத் தின்னச் சொன்னேன். அவர் சொன்னதை மறுநாள் காலையில் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு செடி. பதினேழும் அதில் ஒன்று.

என் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மைக்செட் போடுகிறவர். ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிற ஆள் வீட்டில் வாயே திறக்க மாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் வைத்த எதையும் அவர் ஒரு குறை சொன்னதில்லை. தீய்ந்த தோசைக்கும் "நல்லாத்தான் இருக்கு". ஊசிப்போன சாம்பாருக்கும் "நல்லாத்தான் இருக்கு".

அன்றைக்கு இருபத்திரண்டு துண்டுக்கும் அவர் சொன்னது என்ன?

"நல்லாத்தான் இருக்கு."

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைக்கு அவருக்குச் சோதனை வைத்தேன். கலப்புக் கொடியிலிருந்து நகக்கண் அளவு ஒரு துண்டு. அதற்கு மேல் கொடுத்தால் வாந்திபேதி ஆகிவிடும், நான் ஒன்றும் கொலைகாரி இல்லை.

"ஏங்க, இதத் தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

வாயில் போட்டார். மென்றார். ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"சொல்லுங்க!"

"நல்லாத்தான் இருக்கு கனி."

"கசக்கலியா?"

"சேச்சே."

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களைக்குப் போனேன். கருப்பட்டி டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிக்க முயற்சி செய்தார். வாயில் அத்தனை கருப்பட்டி இருந்தால் எப்படிச் சிரிக்க முடியும்?

ஐயோ, போச்சு. என் பதினோரு வருஷமும் போச்சு.

பிப்ரவரி 12, வியாழன்

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் சுரைப்பூ விரியும். விரிவதற்கு முன்பே பெண்பூவுக்குக் காகித உறை மாட்டி, வண்டு வராமல் காத்து, அதே கொடியின் ஆண்பூவைப் பறித்துத் தடவி, திரும்பவும் உறை போட்டு, லேபிள் கட்ட வேண்டும். இரண்டு வாரமாக இதே வேலை. ஒவ்வொரு பூவைத் தடவும்போதும் "தொண்ணூறு, தொண்ணூறு" என்று சொல்லிக்கொள்கிறேன். பூவுக்குக் காது உண்டா என்று தெரியாது. இருந்தால் கேட்கட்டுமே.

மார்ச் 9, திங்கள்

அணில் மூன்று பிஞ்சைக் கொறித்துவிட்டு நான்காவதைத் தொடவில்லை. புத்தியுள்ள அணில்.

வீட்டில் இன்று வேண்டுமென்றே வெந்தயக்குழம்பில் வெந்தயத்தை அள்ளிக் கொட்டினேன். "நல்லாத்தான் இருக்கு." கரண்டியைத் தரையில் எறிந்தேன். "கரண்டி வளஞ்சிருச்சு பாரு" என்று எடுத்து நிமிர்த்திக்கொடுத்தார். அதை மட்டும் கண்டுபிடிக்கத் தெரிகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

காய்கள் முற்றிக் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று விதை பேசியது. உடைத்து, ஊறவைத்து, இன்று நூற்றறுபது குழியில் ஊன்றியாயிற்று. மேடமும் வந்து கூட நின்று ஊன்றினார். பதினேழு என்று லேபிள் போட்ட குழியை நான் கும்பிட்டதைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பதினேழு இல்லம்மா, வெறும் குழி நம்பர்" என்றார். தெரியும் மேடம். கும்பிடுகிறவளுக்கு ஒரு இடம் வேண்டாமா?

மே 7, வியாழன்

சிவப்பு வண்டு. சாம்பல் தூவினோம். வேறு விசேஷம் இல்லை. தூக்கமும் இல்லை.

ஜூன் 15, திங்கள்

சுவை பார்க்க ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு நாற்பது வீதம் நான்கு நாள். நான், மேடம், மேட்டுப்பாறையிலிருந்து மேடம் கூட்டிவந்த ஒரு பெண், மூன்று பேர். ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்கக்கூடாது. இரண்டு பேர் சொல்வதே முடிவு. ஐயா பொரிப் பையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று மேடம் அனுமதி கொடுத்தார்.

இன்றைய கணக்கு, கசப்பு இருபத்தொன்பது. கசப்பு இல்லை பதினொன்று.

மேடம் காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "நூத்தி இருபது பக்கம் போகுதே சார்" என்றார். ஐயா பொரி தின்றார்.

வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் வாசலில் ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்திருப்பேன்.

ஜூன் 16, செவ்வாய்

கசப்பு இருபத்தொன்று. இல்லாதது பத்தொன்பது. அடக் கடவுளே, இன்னும் கொஞ்சம்.

ஜூன் 17, புதன்

இருபது, இருபது. மேடம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 18, வியாழன்

கடைசி நாற்பதில் கசப்பு இருபத்திரண்டு, இல்லாதது பதினெட்டு.

மொத்தம் கசப்பு தொண்ணூற்றிரண்டு! கசப்பு இல்லாதது அறுபத்தெட்டு!

ஐயா காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரிடம் கை நீட்டினார். "உங்க வீட்ல பெட்டி, எங்க வீட்ல குச்சி. அஞ்சு மாசம் வீணாச் சண்ட போட்டிருக்கோம் சார்." உடனே இரண்டு பேரும் அந்த அறுபத்தெட்டில் எது நீளம், எது சதை, எதை எதோடு சேர்த்தால் பழையபடி பற்றிக்கொள்ளாது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சண்டை போட்டபோது இருந்த சத்தம்தான், பேச்சு மட்டும் வேறு.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியானால் பதினேழு கசக்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு அவர் சொன்னது உண்மை!

ஜூன் 22, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து குழு கூடியது. என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், நாற்காலியில். ஐயா எழுந்து சொன்னார், எல்லாரும் சந்தேகப்பட்டபோதும் ஒரு தொழிலாளியின் நாக்கு சொன்னதுதான் சரியாயிற்று, பதினேழாம் செடியை அன்று சரியாகத் தேறவைத்த நாக்கு இது, இப்படி ஒரு நாக்கு எந்த நிலையத்திலும் கிடையாது என்று. குழுத் தலைவர் தலையை ஆட்டினார். மேடம் கைதட்டினார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு பிழைக்க வேண்டிய நேரமும் ஒன்று இருக்கிறது. ஆனால் எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முள்ளாகக் குத்தியது. ஊர் முழுக்க ஒருத்தியைப் புகழும்போது, உண்மையைச் சொன்ன மனுஷன் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் மரத்தில் ஏறி மைக்செட் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து மாசமாக அவரைப் பொய்க்காரர் என்று மனசுக்குள் திட்டியவளும் நான்தான்.

எழுந்து நின்றேன். "ஐயா, அது என் நாக்கில்ல. என் வீட்டுக்காரரு நாக்கு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், டப்பா, காகிதம், கையெழுத்து.

முதலில் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார். ஐயா நெற்றியைத் தேய்த்தார். "கனி, அந்தப் பாத்தியில ஒரு கொடிகூடக் கசப்பு கிடையாது. யார் தின்னாலும் நல்லா இருக்குன்னுதாம்மா சொல்லியிருப்பாங்க. ஆட்டுக்குப் போட்டிருந்தாலும் அதே முடிவுதான்."

எனக்கு வந்ததே கோபம்! "ஆடு பேசுமாய்யா? எங்க வீட்டுக்காரரு உள்ளதச் சொன்னாவ!" என்றேன்.

பொன்ராசு சார் மட்டும் சிரிக்கவில்லை. விதிமுறைப் புத்தகத்தைத் திறந்திருந்தார். "ஆய்வுப் பொருள நிலையத்துக்கு வெளிய கொண்டுபோனது. பணியாளர் அல்லாத நபரைக்கொண்டு சோதிச்சது. சொந்தமாப் பாக்காததுக்குக் கையெழுத்துப் போட்டது. மூணு குற்றம்" என்றார்.

நடக்கிறது நடக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "அன்னைக்கு உள்ளதத்தான் சொன்னீயளா? பிப்ரவரியில பேய்ச்சுரையத் தின்னுட்டும் நல்லாருக்குன்னீயளே?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அன்னைக்கு நீ காய்ச்சல் விட்ட சோர்வோட எதுத்தாப்புல உக்காந்து, 'என் வேலையே உங்க நாக்குலதான் இருக்கு'ன்ன. எப்படிப் பொய் சொல்லுவேன்? பிப்ரவரியில கசக்குதுன்னு சொல்லியிருந்தா நீ அழுதுருவன்னு மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது."

நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய.

ஜூன் 25, வியாழன்

ஆபீசில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐயா தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பாத்தியில் களை எடுத்தேன். இன்னும் எத்தனை நாள் எடுப்பேனோ.

ஜூலை 2, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பொன்ராசு சார் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் புத்தகம் திறந்திருந்தது. சார் முகம் மூன்று நாள் வயிற்றுவலிக்காரர் முகம் மாதிரி இருந்தது. ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவசுக்கனி, நீங்க செஞ்ச காரியத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கச் சொல்லிக் குழு உத்தரவு போட்டிருக்கு" என்றார்.

"கொடுங்க சார்."

"கொடுக்க முடியல."

"ஏன் சார்?"

"தினக்கூலிக்கு மெமோ கொடுக்க விதியில இடமில்ல. பத்து நாளாத் தேடிட்டேன். மெமோ நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான்."

"அப்ப வேலைய விட்டு நிறுத்துங்க சார், அதுக்கு விதி இருக்குமே" என்றேன்.

"இருக்கு. ஆனா குழு நிறுத்தச் சொல்லல, மெமோ கொடுக்கத்தான் சொல்லியிருக்கு. எழுத்துல இருக்கு. குழு சொன்னத நான் மீற முடியாது." ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அந்த உத்தரவுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்."

ஐயா வெளியே பார்த்தது பார்த்தபடியே இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

சார் இரண்டு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒன்று நேற்றுத் தேதி போட்டு மேலிடத்திலிருந்து வந்தது. கரிசல்குளம் நிலையத்தின் களப் பணியாளராக த. தவசுக்கனி நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். இன்னொன்று இன்றைய தேதி போட்டது. மேற்படி பணியாளர் செய்த மூன்று குற்றங்களுக்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"முதல்ல அதுல கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம்தான் இதுல போடணும். மாத்திப் போட்டுறாதீங்க, செல்லாது" என்றார்.

போட்டேன். இரண்டு கையெழுத்தும் கோணலாக விழுந்தன. அந்த ஆபீசிலேயே, எல்லார் முன்னாலும், மெமோவை மாரோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பொன்ராசு சார் பதறிப்போய், "அழாதீங்கம்மா, சின்ன மெமோதான், கண்டிப்போட போயிரும்" என்றார்.

வீட்டில், 'நிரந்தரமானவங்களுக்கு மட்டும்தான் இது கிடைக்குமாம்' என்று அவரிடம் மெமோவைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு வாசலுக்குப் போய், மைக்கைச் செருகி, இரண்டு பெரிய குழாயையும் தெருப் பக்கம் திருப்பி, ஊரே கேட்க முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.